பரந்தனிலிருந்து ஆறு பேர், கொழும்பில் இரண்டு நாள்: காசு எங்கே கரைகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம்

கேள்வி இதுதான்: கிளிநொச்சிக்கு அருகே பரந்தனில் இருக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, 68 வயது அம்மா, 13, 9, 4 வயதில் மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் கொழும்பைப் பாடப் புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் மட்டும்தான் கண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், கையில் இருப்பதோ மட்டுமட்டான காசு. வான் பிடித்துப் போனால் கட்டாது. எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?

முதலில் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். கொழும்பில் பேர்பெற்ற இடங்களைப் பார்க்கப் பெரிய காசு தேவையில்லை. காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவி பூங்கா, சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெருக் கோயில்கள், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எல்லாமே இலவசம். நூதனசாலைக்கு உள்ளூரவரிடம் வாங்குவது சிறு தொகை. காசு கரைவது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓட்டோவில் ஓடுவதிலும், பசி வந்த பிறகு கண்ட இடத்தில் சாப்பிடுவதிலும், நேரம் தெரியாமல் அறை எடுப்பதிலும்தான். ஆகவே அருகருகே இருக்கும் இடங்களை ஒரு கட்டாகக் கட்டி நடந்து பார்ப்பதும், ஒரு கட்டிலிருந்து அடுத்ததுக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போவதும்தான் வழி. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கில் இருந்து வருபவை.

உங்களுக்கு ஏற்றது இரண்டு பகல், ஓர் இரவு அறை, இரண்டு இரவு பயணம். வியாழன் இரவு புறப்பட்டால் வெள்ளி விடியக் கொழும்பு. வெள்ளி பார்த்து இரவு அறையில் தங்கி, சனி பார்த்து, சனி இரவே திரும்பினால் ஞாயிறு காலை வீடு. பிள்ளைகள் ஞாயிறு முழுக்க நித்திரை கொண்டு எழும்பலாம். மூன்றாவது நாளைச் சேர்த்தால் இன்னோர் அறை வாடகையும் ஆறு பேரின் மூன்று வேளைச் சாப்பாடும் கூடும். அந்தக் காசுக்குக் கிடைக்கும் புது இடங்கள் குறைவு.

நாள் தெரிவதில் ஒரு கவனம். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவும் 15ஆம் திகதி மடுத் திருவிழாவும் வரும். அந்த நாட்களை ஒட்டி வடக்கு வழியில் பஸ்ஸும் ரயிலும் பிதுங்கும். போகும்போது இடம் கிடைத்தாலும் திரும்பும்போது அகப்பட்டுக்கொள்வீர்கள். மே–ஜூனிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் கொழும்பில் மழை அதிகம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் கொழும்புக்கு நல்ல காலம், ஆனால் அப்போது எங்கள் பக்கம் மாரி நிற்கும், குளங்கள் வான் பாயும். வீட்டை விட்டுவிட்டுப் போகலாமா என்று பார்த்து முடிவெடுங்கள். வெசாக் காலத்தில் போனால் இரவில் வெசாக் கூடுகளும் பந்தல்களும் தன்சல் சாப்பாடும் இலவசம். ஆனால் சனத்துக்குள் 4 வயதுப் பிள்ளையையும் அம்மாவையும் கொண்டு திரிவது கடினம், அதனால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

இனிப் பயணம். அம்மா இருக்கிறபடியால் என் தெரிவு ரயில்தான். கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம், கால் வீங்காது. ரயிலில் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை, 3 முதல் 12 வரை அரை டிக்கெட். உங்களுக்கு முழு டிக்கெட் நான்கு, அரை டிக்கெட் இரண்டு. ஆக ஐந்து டிக்கெட் காசு, போய்வரப் பத்து. இந்தப் பத்தை அன்றைய கட்டணத்தால் பெருக்கினால் செலவின் முதல் துண்டு கையில் வந்துவிடும். ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்னரே திறக்கும், விடுமுறை நாட்களில் வேகமாக முடிந்துவிடும். ஆறு இருக்கை ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் திறக்கும் நாளிலேயே பதியுங்கள், போவதையும் வருவதையும் சேர்த்தே. அடையாள அட்டை இலக்கம் கையில் இருக்கட்டும். பதியாமல் மூன்றாம் வகுப்பில் ஏறலாம் என்று நினைத்தால், யாழ்ப்பாணப் பக்கமிருந்து வரும் ரயில் கிளிநொச்சிக்கு வரும்போதே நிறைந்திருக்கும். வவுனியா தாண்டியும் நிற்க வேண்டி வரும். பிள்ளைகளோடு அது சரிவராது.

வடக்குப் பாதை 2023இலும் 2024இலும் திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதனால் பதியுமுன் கிளிநொச்சி நிலையத்துக்கு ஒருமுறை அழைத்து, உங்கள் நாளில் ரயில் கொழும்புக் கோட்டை நிலையம் வரை ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடாவிட்டால் பஸ். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் மலிவு. தனியார் சொகுசு பஸ்ஸில் குளிரூட்டி இருக்கும், ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வருபவற்றில் சில பரந்தனில் ஏறினாலும் முழுத் தூரத்துக் காசு கேட்கும். பதியும்போதே “பரந்தனிலிருந்து எவ்வளவு, அரை டிக்கெட் உண்டா, கடைசியாக எங்கே இறக்குவீர்கள்” என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிடுங்கள். தனியார் பஸ்கள் பல வெள்ளவத்தை வரை போகும். அறை வெள்ளவத்தையில் என்றால் அதுவே ஓர் ஓட்டோக் காசை மிச்சம் பிடித்துத் தரும். குளிரூட்டிய பஸ்ஸில் விடியற்புறம் நன்றாகக் குளிரும், பிள்ளைகளுக்குப் போர்வை ஒன்று கையோடு வேண்டும், பொதிக்குள் வைத்துவிட்டால் எடுக்க முடியாது.

வழிச் சாப்பாட்டில் பலர் விடும் பிழை தேங்காய்ப்பூ. புட்டு, தேங்காய்ச் சம்பல், சொதி எல்லாம் மாலையில் கட்டி மூடிய பெட்டிக்குள் இரவு முழுக்கக் கிடந்தால் விடியும்போது புளித்திருக்கும். அதைச் சாப்பிட்ட பிள்ளைக்குப் புறக்கோட்டையில் வயிறு குழம்பினால் முதல் நாளே போச்சு. இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். விடியலுக்கு இரண்டு றாத்தல் பாண், எண்ணெய் விட்டு நன்றாக வதக்கிய சீனிச் சம்பல் ஒரு போத்தல், வாழைப்பழம் ஒரு சீப்பு. சீனிச் சம்பலில் தண்ணீர்த்தன்மை வற்றியிருந்தால் இரண்டு நாளும் பழுதாகாது. தட்டை வடை, எள்ளுருண்டை ஏதாவது ஒன்று பிள்ளைகளுக்கு. பஸ்ஸில் போகிறீர்கள் என்றால் முறிகண்டியில் நிறுத்தும்போது கச்சான் வாங்கிக்கொள்ளுங்கள், காலிமுகத்திடலில் உட்கார்ந்து கொறிக்க உதவும். சுடுதண்ணிப் போத்தலும், ஆளுக்கொரு தண்ணிப் போத்தலும் கட்டாயம். ஆறு பேர் ஒரு நாளுக்குக் கடையில் வாங்கும் தண்ணீர்க் காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு வரும்.

அறைக்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, அல்லது கொட்டாஞ்சேனை. மூன்றிலும் தமிழில் பேசி அலுவல் பார்க்கலாம், சைவக் கடைகள் உண்டு. உங்களுக்கு நான் சொல்வது வெள்ளவத்தை. ரயில் நிலையமும் காலி வீதியும் அருகில், அம்மாவுக்குக் கடற்காற்றும் கிடைக்கும். போனில் பேசும்போது விலையை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். சில லொட்ஜ்களில் உள்ளே போன நேரத்திலிருந்து 24 மணித்தியாலக் கணக்கு. விடிய 5 மணிக்கு அறை எடுத்தால் அடுத்த நாள் விடிய 5 மணிக்கு முடிந்துவிடும், மேலதிக நேரத்துக்கு இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். வேறு சிலதில் மதியம் உள்ளே, அடுத்த நாள் முற்பகல் வெளியே. இரண்டாவது வகையில் வெளியேறிய பிறகு பொதிகளை மாலை வரை வைத்திருக்க விடுவார்களா என்று கேளுங்கள். ஒரு பெரிய அறையில் ஆறு பேர் தங்கலாமா, மேலதிகப் பாய்க்குக் காசா, மின்விசிறி அறைக்கும் குளிரூட்டி அறைக்கும் வித்தியாசம் எவ்வளவு, இவற்றையும் அப்போதே பேசி முடியுங்கள். பெரியவர்களின் அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள், மூன்று பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள்.

விடியற்காலை கோட்டையில் இறங்கியதும் ஓட்டோக்காரர் சுற்றி வருவார்கள். அவசரப்பட வேண்டாம். நிலையத்தில் முகம் கழுவி, பாண் சாப்பிட்டு, வெளிச்சம் வரும்வரை இருங்கள். பொதி வைக்கும் அறை நிலையத்திலேயே உண்டு. பூட்டுப் போடக்கூடிய பையாகக் கொண்டுபோனால் அதில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். காசும் அடையாள அட்டையும் உங்களோடுதான்.

முதல் கட்டு புறக்கோட்டை. காலை 7 மணிக்கு முன்பின் இந்தத் தெருக்கள் வேறோர் ஊர் மாதிரி இருக்கும். கடைகள் திறந்து, சுமை தூக்கும் நாட்டாமைமார் வண்டி தள்ளத் தொடங்கிவிட்டால் நடக்கவே இடமிராது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகக் கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. சம்மாங்கோட்டுப் பள்ளி என்பது பழைய பெயர். எதிர்ப்பக்கத் தெருவோரத்தில் நின்றால்தான் முழுவதும் கண்ணுக்குள் வரும். வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியம் ஜும்மாவுக்கு ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். அங்கிருந்து செட்டியார் தெரு நடை தூரம். நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் விழாவில் வேல் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். உங்கள் விடுமுறை ஆடியோடு பொருந்தினால் அந்த நாளைப் பார்த்துப் போகலாம்.

செட்டியார் தெருவைத் தாண்டி வடக்கே போனால் கொச்சிக்கடை. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை அம்மா கட்டாயம் பார்க்க வேண்டும். 1856இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை முழுக்கக் கருங்கல்லால் திரும்பக் கட்டினார். தூண், கூரை எல்லாமே கல். வெளியே எவ்வளவு வெயிலானாலும் உள்ளே குளிர்ச்சி. நடந்து களைத்த அம்மாவையும் சின்னப் பிள்ளையையும் அரை மணித்தியாலம் இருத்த இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அருகிலேயே அந்தோனியார் கோயில். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுவெடிப்புக்கு இலக்கானது, அதன் பிறகு திருத்திக் கட்டித் திறந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் சனம் அலைமோதும், மற்ற நாள் அமைதி. வாசலில் பைகளைச் சோதிக்கலாம், பொறுமையாக நில்லுங்கள்.

இதெல்லாம் முடிய முற்பகல் 10 மணி ஆகும். இப்போது வெயில் ஏறும். வன்னி வெயில் காய்ச்சும், கொழும்பு வெயில் அவிக்கும். வியர்வை காயாது, அதனால் எங்கள் ஆட்கள் அங்கே சீக்கிரம் களைத்துப்போவார்கள். காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு, நடுவில் ஓய்வு என்ற ஒழுங்கை விடவேண்டாம். பொதியை எடுத்துக்கொண்டு கோட்டையில் கரையோர ரயில் ஏறுங்கள். கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி வெள்ளவத்தை. தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். தெற்கே போகும்போது வலப்பக்க யன்னல், திரும்பும்போது இடப்பக்க யன்னல். கொழும்பில் கொடுக்கும் காசுக்கு அதிகம் தருவது இந்தப் பயணம்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். சிறு காசுக்குப் பிள்ளைகள் கடலையும் துறைமுகக் கப்பலையும் நகரத்தின் முதுகையும் ஒன்றாகக் காண்பார்கள். வேலை நாட்களில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 4.30 முதல் 7 வரையும் கந்தோர் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு போவார்கள், அந்த நேரத்தில் ஏறவேண்டாம். வாசற்படியில் பிள்ளைகளை நிற்கவிடவே கூடாது.

அறையில் குளித்து, சாப்பிட்டு, ஒரு நித்திரை. நான்கு மணிக்கு முன்னர் காலி வீதியில் புறக்கோட்டை போகும் 100 அல்லது 101 இலக்க பஸ் எடுத்தால் காலிமுகத்திடலில் இறங்கலாம். ஆளுநர் ஹென்றி வாட் காலத்தில், 1859இல், அமைத்து முடித்த திடல் இது. வடக்கு முனையில் தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய கட்டடம் பழைய பாராளுமன்றம், 1930இல் திறந்தது, இப்போது ஜனாதிபதி செயலகம். தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டல். வெளியில் நின்று பார்க்க இரண்டும் காசில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பட்டம் நன்றாக ஏறும். அங்கே விற்கும் பட்டத்துக்குக் காசு கொடுக்காமல், 13 வயதுப் பிள்ளையிடம் சொன்னால் வீட்டிலேயே ஒன்று கட்டி மடித்துக் கொண்டுவருவான், அல்லது வருவாள். அதே காற்றுக் காலத்தில் அலை மூர்க்கமாக இருக்கும். கால் நனைக்கப் படியில் இறங்குவதோடு சரி, குளிக்க விடாதீர்கள்.

இறால் வடை பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். பருப்பு வடையின் மேல் தலையோடு முழு இறால் ஒட்டிப் பொரித்திருக்கும், மேலே வெங்காயமும் மிளகாய்ச் சாறும். வாங்குமுன் “ஒன்று எவ்வளவு?” என்று கேட்டு, எண்ணிக்கையைச் சொல்லி வாங்குங்கள். தட்டு என்று கேட்டால் ஐந்தாறைப் போட்டுத் தந்துவிட்டுப் பிறகு கணக்குச் சொல்லுவார்கள். திரும்பச் சூடாக்கியதை வாங்காமல் எண்ணெயிலிருந்து எடுக்கும் வரை நில்லுங்கள், வயிற்றுக்கு அது பாதுகாப்பு. கழிப்பறைக்கு எதிர்ப்பக்கத்துப் பெரிய வணிக வளாகத்துக்குள் போகலாம், இலவசம், சுத்தம், குளிர்ச்சி. ஆனால் அங்கே சாப்பிடவேண்டாம். சூரியன் மறைந்தபின் பஸ் பிதுங்கும், 7 மணி தாண்டவிட்டு ஏறுங்கள்.

இரண்டாம் நாளின் உயிர் நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்த வெள்ளை மாளிகை. காலை 9 மணிக்குத் திறக்கும்போதே நில்லுங்கள், அரை மணித்தியாலம் கழித்துப் பாடசாலைச் சுற்றுலாக்கள் வந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது அடையாள அட்டையைக் காட்டுங்கள், வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. புறக்கோட்டைப் பக்கமிருந்து வந்தால் 138 இலக்க பஸ் நூலகப் பக்கம் போகும். வெள்ளவத்தையிலிருந்து வருகிறபடியால் கொள்ளுப்பிட்டி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஓட்டோ. இந்த ஓர் இடத்தில் ஓட்டோவுக்குக் கொடுக்கலாம், அம்மாவின் காலைக் காலையிலேயே களைக்க வைக்கக்கூடாது.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்கப் போனால் பிள்ளைகள் ஒரு மணித்தியாலத்தில் சிணுங்குவார்கள். மூன்றை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒன்று, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த கற்பலகை, 1409ஆம் ஆண்டுக்குரியது, 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். உச்சியில் எதிரெதிரே இரண்டு சீன டிராகன்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயினார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய வழியிலும் காணிக்கை சொல்லியிருக்கிறது. எழுத்துகள் நுணுக்கமானவை, தேய்ந்தும் போயிருக்கின்றன. நேரே நின்றால் வெறும் கல்லாகத்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று சாய்வாகப் பார்த்தால் எழுத்து எழும்பி வரும். 9 வயதுப் பிள்ளையிடம் “தமிழ் எழுத்து ஒன்றைக் கண்டுபிடி” என்று சொல்லிவிடுங்கள். அறுநூறு வருசத்துக்கு முன் சீனாவிலிருந்து கப்பலில் வந்த கல்லில் தன்னுடைய எழுத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்கள். நடராசரும் சிவகாமியும், தேவாரம் பாடிய நாயன்மாரும். அம்மா அங்கே நிற்பார், அவசரப்படுத்தாதீர்கள். மூன்றாவது, கண்டி அரசரின் சிம்மாசனம். 1815இல் கண்டி விழுந்தபோது ஆங்கிலேயர் எடுத்துப்போய் 1934இல் திருப்பித் தந்தது. அதில் கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1798இல் பட்டத்துக்கு வந்தவன். கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்ற நாளாக அவன் நினைவுக் கல்லில் 1803 ஒக்டோபர் 31 என்று இருக்கிறதல்லவா, அது இவன் ஆண்ட காலம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால், 13 வயதுப் பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் ஒரே கணத்தில் ஊரோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

வெளியே வந்தால் விகாரமகாதேவி பூங்கா நடை தூரம். மர நிழல், ஊஞ்சல், சறுக்கு. கொண்டுபோன பார்சலை அங்கே பிரித்துச் சாப்பிடலாம். பூங்காவுக்கு எதிரே வெள்ளைக் குவிமாடத்தோடு நகர மண்டபம், 1928இல் முடிந்தது. சுதந்திர சதுக்கத்துக்கு இன்னும் ஒன்றரை கிலோமீற்றர் அளவு தெற்கே போகவேண்டும். கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்ற அரச சபை மண்டபத்தின் மாதிரியில் கட்டியது, சுற்றிவரக் கற்சிங்கங்கள். மதிய வெயிலில் அந்தக் கல் தரை நெருப்பு. மூன்றரை மணிக்குப் பிறகு போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தாமரைக் கோபுரம் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். உயரம் 350 மீற்றருக்கு மேல், பொதுமக்களுக்கு 2022 செப்டெம்பரில் திறந்தது. திறந்தபோது உள்ளூரவருக்குச் சாதாரண டிக்கெட் 500 ரூபா. அந்தக் கணக்கிலேயே பெரியவர்கள் மூவருக்கு 1500, பிள்ளைகள் வேறு. புறப்படுமுன் இப்போதைய கட்டணத்தைப் பார்த்து, மொத்தக் காசில் அது பத்தில் ஒன்றைத் தாண்டினால் மேலே ஏறவேண்டாம் என்பது என் கருத்து. பேரை வாவிக் கரையில் இருட்டும் நேரம் நின்றால் கோபுரம் நிறம் மாறி மாறி எரிவதும், அது தண்ணீரில் விழுவதும் இலவசம். ஏறுவதாக இருந்தால் சனி மாலையை விடுங்கள், வரிசையிலேயே பொழுது போய்விடும். பெரிய பிள்ளைகள் இருவரும் ஒரு பெரியவரும் மட்டும் ஏறி, மற்றவர்கள் கீழே இருப்பதும் ஒரு வழி.

தெகிவளை மிருகக்காட்சிசாலை 1936 முதல் அரசின் கையில் இருப்பது. 4 வயதுப் பிள்ளைக்கு நூதனசாலையைவிட அதுதான் பிடிக்கும். ஆனால் மேடும் பள்ளமுமான இடம், முழுக்கப் பார்க்க மூன்று மணித்தியாலம் வேண்டும், அம்மாவால் நடக்க முடியாது. இரண்டு நாளுக்குள் இதைத் திணித்தால் நூதனசாலையைத் தூக்கவேண்டி வரும். நான் தூக்கமாட்டேன். துறைமுக நகரத்தையும் ஒல்லாந்தர் மருத்துவமனைக் கடைத்தெருவையும் விட்டுவிடலாம், அங்கே காசு செலவழிக்கத்தான் இருக்கிறது.

நகருக்குள் ஓடும்போது: பஸ் பலகையில் மூன்று மொழியிலும் பெயர் இருக்கும், ஆனாலும் இலக்கத்தைப் பார்த்து ஏறுவது நிச்சயம். சில்லறையாகக் காசு வைத்திருங்கள். இறங்கவேண்டுமென்றால் “பஹினவா” என்றால் நடத்துநருக்கு விளங்கும், விலை கேட்க “கீயத”. இந்த இரண்டு சொல் போதும். ஓட்டோவில் பெரியவர் மூவர்தான் கணக்கு. நீங்கள் ஆறு பேர் என்றபடியால் இரண்டு பிடிக்கவேண்டி வரும், அதனால்தான் ஓட்டோ உங்களுக்கு இரட்டைச் செலவு. பிடிப்பதாக இருந்தால் பிக்மீ செயலியில் முதலில் விலையைப் பாருங்கள், ஆறு பேருக்குச் சிறிய வான் இரண்டு ஓட்டோவைவிட மலிவாக வரும் நேரமும் உண்டு. தெருவில் மறித்தால் மீற்றர் போடச் சொல்லுங்கள், போடாவிட்டால் விலையைப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சல். கொழும்புப் பார்சல் ஒன்றில் இருக்கும் சோறு ஒரு பெரியவருக்கும் ஒரு சின்னப் பிள்ளைக்கும் காணும். ஆறு பேருக்கு நான்கு எடுத்தால் போதும், ஆறு எடுத்தால் இரண்டு குப்பைக்குப் போகும். மேலதிகத் தட்டுக்கு நான்கு வாழை இலைத் துண்டோ பேப்பரோ கொண்டுபோங்கள். இரவில் கொத்துரொட்டி ஒன்று இருவருக்கு. காலையில் சைவக் கடையில் இடியப்பமோ தோசையோ. குளிரூட்டி போட்ட கடைகளில் பில்லின் அடியில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேரலாம், விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே அதைக் கூட்டிப் பாருங்கள். அம்மா மரக்கறி என்றால் சைவக் கடையில் வாங்குவதுதான் சரி, மற்றக் கடைகளில் மரக்கறிக் கொத்தையும் மச்சக் கொத்துப் போடும் கல்லிலேயே போடுவார்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் உங்கள் இருவரின் போன் இலக்கமும் லொட்ஜின் பெயரும் எழுதிய துண்டு ஒன்று இருக்கட்டும். தவறிவிட்டால் நகராமல் அதே இடத்தில் நிற்கவேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அம்புலன்ஸுக்குக் காசில்லை. அம்மாவின் மருந்தை மூன்று நாளுக்கு அல்ல, ஐந்து நாளுக்கு எடுங்கள், ரயில் நின்றால் உதவும். காசை மூன்றாகப் பிரித்து மூன்று பெரியவரிடமும் வையுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே மடித்து மனைவியின் கையில் கொடுத்து, திரும்பும்போது வவுனியா தாண்டும்வரை தொடாதீர்கள்.

சனி மாலை புறக்கோட்டையில் உடுப்பு மலிவு என்று இறங்கினால் திரும்பும் ரயிலோ பஸ்ஸோ தவறும். வாங்கவேண்டியது இருந்தால் வெள்ளி காலையே, நடந்து முடிந்த கையோடு, கடை திறந்ததும் வாங்கிவிடுங்கள். முதல் வியாபாரத்தில் பேரம் படியும், பொதி அறைக்குள் அதையும் போட்டுவிடலாம். இரவுப் பயணத்துக்குப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே நிலையத்தில் நில்லுங்கள். சின்னவனுக்கோ சின்னவளுக்கோ ஏறுமுன் கழிப்பறைக்குப் போகும் வேலையை முடித்துவிடுங்கள். பஸ் என்றால் அதற்குப் பிறகு அடுத்த நிறுத்தம் வர நெடுநேரம் ஆகும்.